காலுக்கு வந்த விலை

மலைநாட்டார்க்கு மழை எவ்வளவு பழக்கமோ, அவ்வளவு பழக்கம் றகர் ஆட்டமும். 1891இற் கண்டியிலே கிங்ஸ்வூட் கல்லூரியைத் தொடக்கிய லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் அவர்களே அந்த நீள்வட்டப் பந்தைப் பாடசாலைப் பிள்ளைகளின் கையில் முதலிற் கொடுத்தவர் என்பர். 1906இல் அக்கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் களத்திற் சந்தித்தன. 1945இலிருந்து திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காகப் பொருதி வருகின்றன. அந்த ஆட்டம் கண்டியில் நடக்கும் நாளிற் சாவீட்டுக்குங்கூட ஆட்டம் முடிந்த பின்னரே ஆட்கள் வருவர் என்று நண்பரொருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்த ஆர்வத்திற் குறை காண நாம் வரவில்லை. ஆயினும் ஆர்வம் பெருகிய இடத்திற் பணமும் பெருகும். பணம் பெருகிய இடத்தில் வெற்றியைக் காத்திருந்து வளர்க்கும் பொறுமை குறையும். விளையாட்டிற் பெயர்பெற்ற பாடசாலைகள் பிற பாடசாலைகளின் கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சலுகை காட்டி அழைத்துக்கொள்வது இன்று எவர்க்கும் புதினமன்று. இடமும் விடுதியும் உணவும் சப்பாத்தும் இலவசம். சம்பளம் என்ற பெயர் மட்டும் அதற்கு இல்லை.

தெல்தெனியவுக்கு மேலே ரங்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, சென்ற ஆண்டு ஒரு கடிதத்துடன் எம்மிடம் வந்தார். பதினைந்து வயதான அவர் மகன் ஓட்டப் போட்டியொன்றில் ஓடியதைப் பயிற்சியாளர் ஒருவர் கண்டிருக்கிறார். நகரத்துப் பாடசாலையொன்று அவனை அழைத்திருந்தது. கடிதத்தை நாம் வாசித்துக் காட்டினோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஐயா, புள்ளைய படிக்கவா கூப்பிடுறாங்க, வெளையாடவா?"

அக்கடிதத்தில் இதற்கு விடை இல்லை. பையனின் வேகத்தைப் பற்றி இரண்டு பந்திகள் இருந்தன. கால் முறிந்தால் என்ன செய்வதென்று ஒரு வரியும் இல்லை.

இதே கேள்வியை அமெரிக்கா நூறாண்டுக்கு மேலாகக் கேட்டு வருகிறது. அங்கே கல்லூரிகளில் ஆடப்படும் உதைபந்தாட்டம் நம் றகருக்கு ஒன்றுவிட்ட சகோதரன். 1905இல் அவ்வாட்டத்திற் பலர் மாண்டதைக் கண்டு ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் கல்லூரியாரை அழைத்துப் பேசினார். அதன் பயனாகக் கல்லூரி விளையாட்டுக்களை ஆளும் சங்கம் பிறந்தது, அதுவும் 1906இலேதான். வீரர்கள் மாணவரே, ஊழியரல்லர் என்பது அச்சங்கத்தின் வேதவாக்காயிற்று. கேட்பதற்கு எத்துணை அழகான கொள்கை! 1955இற் கொலராடோ மாநிலக் கல்லூரியொன்றிற்காக ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலில் இறந்தோர்க்குரிய நட்டஈட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி பந்தாட்ட வியாபாரம் நடத்தவில்லை என்று கூறி, 1957இல் அம்மாநில உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. மாணவன் என்ற சொல் அந்தக் கைம்பெண்ணுக்கு எதிராக எழுந்து நின்றது.

காலம் மாறிற்று. 2021இல் அமெரிக்க மீயுயர் நீதிமன்றத்தின் நீதியரசர் ஒன்பதின்மரும் ஒருமுகமாக அச்சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். கல்வி சார்ந்த உதவிகளுக்கு உச்சவரம்பு விதித்தது தவறு என்றனர். 2025 ஜூன் மாதத்தில், கல்லூரிகளே வீரர்க்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழிசெய்யும் இணக்கத்தை நீதிமன்றம் ஏற்றது. முதலாண்டிற் கல்லூரியொன்று தன் விளையாட்டு வீரர் அனைவர்க்குமாகக் கொடுக்கத்தக்கது ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர்! சிறிய கல்லூரி வளர்த்த வீரனைப் பெரிய கல்லூரி மறுபருவமே அழைத்துக்கொள்கிறது. போட்டி கெட்டது என்று சிலர் புலம்புகின்றனர். பணம் முன்பும் ஓடியது; பயிற்சியாளர் வீட்டுக்கும் அரங்கின் கற்களுக்கும் ஓடியது. இப்போது ஒரு பங்கு ஆடுபவன் கைக்கு வருகிறது. அதனை நாம் குற்றமென்று சொல்லோம்.

நம்மூர்க் கதை வேறு. இங்கே கொடுப்பது பணமாக அன்றிச் சலுகையாக வருவதால் அதற்குக் கணக்கும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. பையன் ஆடும்வரை அது உதவி. ஆடாதபோது அது தயவு. பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டு முதலிய புறத்திறமைகளிற் சிறந்தோர்க்கு ஒவ்வொரு கற்கைநெறியிலும் நூற்றுக்கு அரை வீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கும் உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைய வேண்டுமன்றோ? மாலைதோறும் பயிற்சியில் உழன்று இரவிற் புத்தகத்தின்மேல் உறங்கும் பிள்ளை எப்படிச் சித்தியடைவான்? அவன் விட்டுச்சென்ற தோட்டத்துப் பாடசாலையின் நிலையையும் எண்ண வேண்டும். அங்கே இருந்த ஒரே ஓட்டக்காரன் போனபின், அஞ்சலோட்டத்துக்கு நான்காவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார் ஆசிரியர்.

போகவேண்டாம் என்று அந்தத் தாயிடம் நாம் சொல்லவில்லை. ஒரு வரி எழுதிக் கேட்கலாம் என்றோம். ஆடினாலும் ஆடாவிட்டாலும் உயர்தரம் வரை பையனுக்கு இடமும் விடுதியும் உண்டு என்பதே அந்த வரி. அவருடன் பேருந்தில் திகன, பல்லேகலை, குண்டசாலை கடந்து நகரத்துக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்தோம். ஒரு வீரனும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை என்று அலுவலகத்திற் சிரித்தார்கள்.

மூன்று வாரத்திற் பதில் வந்தது. உயர்தரம் வரை என்று நாம் கேட்ட இடத்திற் சாதாரண தரம் வரை என்றிருந்தது. மற்றதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாமாம். தாய் அதனை நான்காய் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மகனுக்கு ஒரு சோடிக் காலுறை வாங்கக் கடைக்குப் போனார்.