வாளியில் வந்த நட்சத்திரம்

கதை எழுதுகிறவனுக்குப் பெயர் வைப்பது ஒரு பிரமாதமில்லை. கதாநாயகிக்கு ஒரு நிமிஷத்தில் பெயர் வைத்துவிடுவேன். அந்தத் தைரியம்தான் அன்று சாயங்காலம் பட்டினப்பாக்கம் கடற்கரையில் என்னைக் கெடுத்தது.

மீன்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் வேண்டாதவற்றை மணலில் எறிந்துகொண்டிருந்தாள். அவற்றில் ஒன்று, உள்ளங்கை அகலம், ஐந்து கைகள், லேசாக அசைந்தது. "இது எதுக்குக் கண்ணு? கொழம்புக்கா ஆவும்?" என்று சிரித்தபடி என் பேத்தியிடம் கொடுத்தாள்.

"தாத்தா, இது என்ன?"

"நட்சத்திர மீன். பாறையில் ஒட்டிக்கொண்டு சிப்பியைத் திறந்து தின்னும்" என்றேன். எங்கோ படித்தது.

அதை வளர்க்க வேண்டுமாம். விளையாட்டு வாளியில் கடல் தண்ணீர் மொண்டு, ஆட்டோவில் மயிலாப்பூருக்குத் திரும்பினோம். வழியில் பாதித் தண்ணீர் என் வேஷ்டிக்கு. வீட்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றி, சமையலறையிலிருந்து இரண்டு பிடி உப்புப் போட்டேன். கடல் என்றால் உப்புத் தண்ணீர்தானே!

காலையில் அது அசையவில்லை.

அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். குழந்தை வாளியோடு அவர் முன் நின்றாள். அவர் அதை மல்லாத்தி, பூதக்கண்ணாடியை வைத்தார்.

"நிறத்தையும் கை எண்ணிக்கையையும் மட்டும் நம்பக் கூடாது, சார். காலைப் பாருங்கள். நுனி கூர்மை, உறிஞ்சு வட்டு இல்லை. இது பாறையில் எப்படி ஒட்டும்? மணலில் புதைந்து வாழும் ஜாதி. சின்னச் சிப்பிகளை முழுசாக விழுங்கி, ஓட்டைத் துப்பிவிடும்." பிறகு புரட்டினார். கை ஓரம் முழுதும் புடவைக்குக் கரை போட்டதுபோல் பெரிய தட்டுகள். "லூய்டியாவாக இருந்தால் மேல்பக்கம் இந்தக் கரை இவ்வளவு தெளிவாகத் தெரியாது. இது ஆஸ்ட்ரோபெக்டன் இண்டிகஸ்."

நான் வர்ணித்தது ஐரோப்பாவின் வடகடல்களில் இருக்கும் ஆஸ்டீரியாஸ் ரூபன்ஸாம். அதோடு, இது மீனே அல்லவாம்! 1758-இல் லின்னேயஸே கடல் நட்சத்திரங்களை எல்லாம் ஆஸ்டீரியாஸ் என்ற ஒரே பெட்டியில் போட்டவர்தான் என்று கேட்டதும் எனக்குச் சற்று ஆறுதல். ஆனால் வட பசிபிக் நட்சத்திரங்களைப் பிரித்து எழுத ஃபிஷர் என்ற அமெரிக்கருக்கு மூன்று பாகங்கள் தேவைப்பட்டன. முதலாவது 1911, கடைசி 1930. எனக்கு அரை வினாடி போதுமாக இருந்தது. நம் சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் சிப்பி முதலியவற்றைப் பற்றி, எழும்பூர் மியூசியத்தின் தலைவராக இருந்த கிரேவ்லி 1941-இலேயே புத்தகம் போட்டிருக்கிறார். அதை இத்தனை வருஷமாக நான் எட்டிப் பார்த்ததில்லை.

"ஏன் செத்துப்போச்சு?" என்றாள் குழந்தை.

"இதன் உடம்புக்குள் ஓடுவது பெரும்பாலும் கடல் தண்ணீர்தான் அம்மா. அந்த அழுத்தத்தில்தான் காலே நகரும். உப்பு குறைந்தால் தாங்காது." என் பக்கம் திரும்பினார். "வேறு தண்ணீர் ஏதாவது சேர்ந்ததா, சார்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லியே பிழைக்கிறவன். குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. பேராசிரியர் அதை ஒரு புட்டியில் போட்டு, அவளையே சீட்டு எழுதச் சொன்னார். பெயர், இடம், தேதி, எடுத்தவர். நாலு வரியையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். ஐந்தாவதாக அவளே ஒன்று சேர்த்தாள்: 'தாத்தா குழாய்த் தண்ணீர் ஊற்றினார்.'

பேராசிரியர் படித்துப் பார்த்தார். அடிக்கவில்லை, அப்படியே ஒட்டிவிட்டார்.