குடம் எங்கடே?

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற பஸ்ஸில் ஒரு செல்போன் அடித்தால் ஏழெட்டுப் பேர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்த காலம் ஒன்று உண்டு. எல்லார் கையிலும் நோக்கியா, எல்லாவற்றிலும் ஒரே மெட்டு. ஸ்பெயின் கிதார்க் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ தாரேகா 1902-இல் எழுதிய 'கிரான் வால்ஸ்' என்ற இசையிலிருந்து உருவிய துண்டு அது. பாவம் மனிதர், வடசேரி பஸ் ஸ்டாண்டில் தனக்கு இத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்திருக்கவே மாட்டார்.

இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்க அந்தப் போன்களிலேயே ஒரு வழி இருந்தது. 'கம்போசர்' என்ற பகுதிக்குள் போனால் 1 முதல் 7 வரை உள்ள பொத்தான்கள் ஏழு சுரங்கள். 8 சுரத்தின் நீளத்தைக் குறைக்கும், 9 கூட்டும், நட்சத்திரப் பொத்தான் ஸ்தாயியை மாற்றும். ஏழு பொத்தான், ஏழு சுரம் என்றதும் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? இருந்த பாட்டையெல்லாம் தட்டிப் பார்த்தார்கள். சுரம் சரியாகத்தான் வரும். ஆனால் பாட்டு வராது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதில்தான் நம் இசையே இருக்கிறது. அந்தப் போனுக்குத் தாண்டத் தெரியும், வழுக்கத் தெரியாது.

பிறகு எம்பி3 பாடும் போன்கள் வந்தன. வீட்டுக் கணினியில் பாட்டை வெட்டி ஏற்றிக்கொள்ளலாம் என்றானது.

2008 வாக்கில், நாகர்கோவில் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்தது இது. சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு. பாட்டா முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, பேரன் போனில் நாற்பது நிமிடம் பதிவு செய்துகொண்டான். மறுநாள் அதை 'ஆடாசிட்டி'யில் போட்டான். டொமினிக் மஸ்ஸோனியும் ரோஜர் டானன்பெர்கும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. போன் பதிவு ஏ.எம்.ஆர். கோப்பு என்பதால் முதலில் வேவ் கோப்பாக மாற்ற வேண்டியிருந்தது. எம்பி3-க்குக் காப்புரிமைச் சிக்கல் இருந்ததால் 'லேம்' என்ற துணை நிரலையும் அப்போது தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும். மோடத்தைக் கும்பிட்டபடி காத்திருந்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

வெட்டுவது சின்ன வேலை மாதிரி தெரியும். இல்லை. உடுக்கு விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் கத்தி வைக்க வேண்டும். ஒலி அலை நடுக்கோட்டைத் தொடும் இடமாகப் பார்த்து வெட்டாவிட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் ஒட்டிக்கொள்ளும். கடைசி இரண்டு விநாடி மெல்லத் தேய வேண்டும். முதல் விநாடியிலேயே ஆளைக் கூப்பிட வேண்டும். புலவர் தொண்டையைச் சரிசெய்கிற வரைக்கும் போனில் யார் காத்திருப்பார்கள்?

28 விநாடி தேறியது. பாட்டாவின் நம்பருக்கு மட்டும் அதை வைத்துவிட்டு, அவரிடமே போட்டுக் காட்டினான். காதருகில் வைத்துக் கேட்டார்.

"மணி கேக்கு, உடுக்கு கேக்கு. குடம் எங்கடே?"

"பதிவாகல பாட்டா."

குடம்தான் வில்லுப்பாட்டுக்கு அடிவயிறு. ஏ.எம்.ஆர். என்பது பேச்சுக்காகச் செய்த முறை; சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ளதை அது வைத்துக்கொள்வதில்லை. மிச்சமிருந்ததையும் போனின் காசளவு ஸ்பீக்கர் தின்றுவிட்டது. பாட்டாவுக்கு இதெல்லாம் சொல்லிப் புரியவைப்பதைவிட, "குடம் இல்லாம வில்லா?" என்று அவர் கேட்டதற்கு முழிப்பது எளிதாக இருந்தது.

இதே ஆண்டுகளில்தான் காலர் ட்யூனும் பரவியது. பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்தார்கள். ரிங்டோன் கோப்பு உங்கள் போனில் இருக்கிறது. காலர் ட்யூன் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. காசு கொடுப்பவர் நீங்கள், கேட்பவர் உங்களைக் கூப்பிடுகிறவர். (வணிகவியல் பாடத்தில் வைக்கவேண்டிய உதாரணம்.) ரிங்டோன் விற்ற கடையை வீட்டுக் கணினி காலி செய்தது, காலர் ட்யூனை அதனால் தொடக்கூட முடியவில்லை. கேட்காமலே சேவையைத் தொடங்கி ப்ரீபெய்ட் காசைப் பிடிக்கிறார்கள் என்ற புகார்கள் குவிந்தபின், 2013-இல் டிராய் இரட்டை ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 2020-இல் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஓர் இருமல் கேட்டதே, அதுவும் அந்த வழியாக வந்ததுதான்.

ஆக, தன் போனில் தானே வெட்டி வைத்ததுதான் தனக்கு மிஞ்சும் என்று பேரன் நம்பினான். அதுவும் பாதிதான் சரி. மெமரி கார்டு நிறைந்தபோது நாற்பது நிமிடக் கோப்பை அழித்தான். கணினியில் இருந்த வேவ் கோப்பு விண்டோஸை மறுபடி ஏற்றும்போது போயிற்று. புலவரும் போய்ச் சேர்ந்தார், இரண்டு வருடம் கழித்துப் பாட்டாவும்.

அந்த 28 விநாடி போனுக்குப் போன் மாறி இன்றும் அவனிடம் இருக்கிறது. பாட்டா நம்பரோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறான். மணியும் உடுக்கும் கேட்கும். சுடலை பிறக்கும் இடத்துக்குக் கதை வருவதற்குள் தேய்ந்து நின்றுவிடும்.