அடுக்களைக் கதவுகள்

காயல்பட்டினத்துப் பழைய வீடுகளில் தெருவாசல் ஆண்களுக்கு. பெண்களின் போக்குவரத்து பெரும்பாலும் முடுக்கு வழியேதான். ஆகையால் எங்கள் அடுக்களை சமைக்கும் இடம் மட்டுமன்று, பெண்களின் வரவேற்பறையும் அதுவே. பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம் என்பதால், இந்தப் பழைய வீடும் உம்மாவுக்கு உரியது. அதன் அடுக்களையைப் புதுப்பிக்கத் துபாயிலிருந்து காக்கா பணம் அனுப்பினார். அலமாரிக்கு எத்தகைய கதவு என்ற கேள்வி மட்டும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

காக்காவுக்கு ஒரு விருப்பம் இருந்தது: முகம் தெரியுமளவு பளபளக்கும் வெள்ளை அக்ரிலிக், கைப்பிடியே இல்லாத கதவுகள். அவர் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் இருப்பவை அவைதாம். அங்கே அவை பொருந்துகின்றன. தரையும் சுவரும் விளக்கும்கூட அங்கே வழுவழுப்பும் நேர்கோடுமாக இருக்கின்றன.

எங்கள் வீட்டுக்குத் துணை தேடுவதென்றால், முதலில் வீட்டில் ஏற்கெனவே உள்ள கதவுகளைப் பார்க்க வேண்டும். இங்கே எல்லா அறைகளுக்கும் தேக்குச் சட்டங்களின் நடுவே பலகை பொருத்திய கதவுகள். இந்த அமைப்பு அழகுக்காக மட்டும் வந்ததன்று. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துப் பருக்கும், கோடையில் சுருங்கும். சட்டத்தின் காடிக்குள் பலகையைப் பசையிடாமல் இறக்கி வைத்தால், வெடிக்காமல் அது தன் போக்கில் அசைந்துகொள்ளும். கடற்காற்றடிக்கும் ஊருக்கு இதைவிட ஏற்ற கதவு வேறு ஏது?

தூத்துக்குடியில் ஒரு கடைக்குப் போனபோது, ஏறத்தாழ இதே கதவை ‘ஷேக்கர்’ என்று புதுப்பெயரிட்டுக் காட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றி, 1774இல் அமெரிக்காவுக்குக் குடிபெயரத் தொடங்கிய ஒரு கிறித்தவக் குழுவினரின் பெயர் அது. பயனில்லாத அலங்காரத்தை ஒதுக்கி நாற்காலியும் அலமாரியும் செய்தவர்கள் அவர்கள். வேறு மார்க்கத்தார்தாம், ஆயினும் வீண்விரயம் கூடாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கதவு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

முழுத் தேக்கில் செய்ய எங்களுக்கு வசதியில்லை. ஐ.எஸ். 710 தரமுத்திரை உள்ள 12 மி.மீ. பிளைவுட்டின்மேல் 6 மி.மீ. சட்டம் ஒட்டி, மொத்தம் 18 மி.மீ. கனத்தில் செய்யலாம் என்றார் எங்கள் ஆசாரி. பிளைவுட் மரப்பலகையைப் போலப் பருத்துச் சுருங்காது என்பதால் ஒட்டுவதில் தவறில்லை. எம்.டி.எஃப். பலகை மலிவுதான், ஆனால் கழுவுதொட்டியின் கீழே ஒருமுறை நீர் புகுந்தால் உப்பிவிடும். கீல்கள் துருப்பிடிக்காத எஃகு என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த உப்புக்காற்றில் வேறு எது நிற்கும்?

சட்டக் கதவுக்கு ஒரு குறை உண்டு. சட்டமும் பலகையும் சேரும் உள்மூலையில் எண்ணெய்ப்பிசுக்கும் மாவும் தங்கும். அதனால் உள்விளிம்பைச் சரிவாக இழைக்கச் சொன்னோம். துணியால் ஒரு இழுப்பில் துடைத்துவிடலாம். ஐந்தாறு அங்குல உயரமே உள்ள இழுப்பறைகளுக்குச் சட்டமே வேண்டாம் என்றேன். அந்தச் சிறிய முகத்தில் சட்டம் ஒட்டினால் நடுவில் ஒரு கீற்றுதான் மிஞ்சும். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தால் கெட்ட அடுக்களைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேல் அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு வைத்தால் காக்கா வாங்கி வந்த பீங்கான்கள் தெரியுமே என்று கேட்டேன். உம்மா மறுத்துவிட்டார். “கண்ணாடி வேணாம்மா. அரிசி கேட்டு வர்றவ கண்ணுல இதெல்லாம் எதுக்குப் படணும்?” அதற்குமேல் நான் பேசவில்லை.

கைப்பிடியும் உம்மாவை வைத்தே முடிவாயிற்று. அவருடைய பெருவிரல் மூட்டில் சில ஆண்டுகளாக வலி. கைப்பிடியில்லாக் கதவின் விளிம்பில் விரல்நுனியைக் கொக்கிபோல் மாட்டி இழுக்க வேண்டும். சிறிய குமிழையோ கிள்ளிப் பிடிக்க வேண்டும். இரண்டுமே அவருக்குத் துன்பம். நான்கு விரல்களும் உள்ளே நுழையும் வளைவுக் கைப்பிடி, திருகுகளுக்கிடையே 128 மி.மீ. இடைவெளியுள்ளது, எடுத்தோம். கடையில் வைத்தே உம்மா அதைப் பலமுறை இழுத்துப் பார்த்தார்.

காக்காவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. தாம் ஆசையாக அனுப்பியதை நாங்கள் தள்ளிவிட்டதாக அவர் எண்ணினார். தொலைபேசியில் நெடுநேரம் பேச்சில்லை. உம்மாவின் விரலைப் பற்றிச் சொன்னேன். அந்த வலி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. “நீங்க வெள்ளைன்னு சொன்னீங்களே காக்கா, மேல் கதவுகளுக்கு எந்த வெள்ளைன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க” என்றேன். மறுநாள் வண்ண அட்டையின் படத்தில் ஒன்றைக் குறித்து அனுப்பியிருந்தார். பளபளப்பில்லாத, சுண்ணாம்புச் சுவருக்கு நெருக்கமான வெள்ளை.

கீழ்க் கதவுகளுக்குப் பச்சையா தேக்கு நிறமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆசாரி இரண்டு துண்டுப் பலகைகளில் பூசித் தந்திருக்கிறார். முடுக்கு வாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் அவற்றைச் சாய்த்துவைத்து, வருகிற பெண்களிடமெல்லாம் உம்மா அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.