செம்மண் சடக்கு

டெங்கில் வட்டாரத்தில் சனி, ஞாயிறு காலைகளில் ஒரு புதுவகைப் பயணியைக் காணலாம். தலையில் கவசம், முதுகில் தண்ணீர்ப் பை, வளைந்த கைப்பிடியும் தடித்த சக்கரமும் கொண்ட மிதிவண்டி. தார்ச்சாலை முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் மற்றவர்கள் வண்டியைத் திருப்பிக்கொள்வார்கள். இவர்களுடைய பயணம் அங்கேதான் தொடங்கும். சரளைக்கல் பாதைக்கென்றே செய்யப்பட்ட இவ்வண்டியைக் 'கிராவல் பைக்' என்கிறார்கள். இனிப்பு நீர் என்னும் பெருவியாதி ஆசிரியர் குலத்தை நாடி வரும் வயதில், மருத்துவரின் சொல்லுக்குப் பணிந்து நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் இறுக்கமான காற்சட்டை அணிந்து ஊர்சுற்றலாமா என்று பெற்றோர் ஒருவர் கேட்டதாகக் கேள்வி. நான் அணிவது தளர்ந்த காற்சட்டைதான் என்பதை இவ்விடத்தில் பதிவு செய்து வைக்கிறேன்.

இந்த விளையாட்டு மேல்நாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு, 200 மைல் தூரம் சரளைக்கல் பாதையிலேயே ஓடும் ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். அதன் பழைய பெயர் அப்பகுதிப் பூர்வகுடி மக்களின் பெயரை ஒவ்வாத சொல்லோடு சேர்த்திருந்தது. 2020இல் அதை மாற்றினார்கள். இத்தாலியின் டஸ்கனியிலோ கதை வேறு. அங்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 'வெள்ளைச் சாலைகள்' எனப்படும் பழைய சுண்ணாம்புக்கல் பாதைகள் உண்டு. அவற்றின்மேல் தார் பூசப்படுவதைத் தடுக்க எண்ணிய சிலர் 1997இல் பழங்கால மிதிவண்டிகளில் 'எரோய்க்கா' என்ற பயணத்தைத் தொடங்கினார்கள். 2007 முதல் தொழில்முறைப் பந்தயமும் அதே பாதைகளில் நடக்கிறது. திராட்சை பறிப்பவனும் மாட்டுவண்டிக்காரனும் நடந்த வழி, இன்று உலகமே பார்க்க வரும் வழியாகிவிட்டது.

இதைப் படித்த நாளிலிருந்து நம்முடைய பாதைகளைப் பற்றிய நினைப்பு என்னை விடவில்லை.

டெங்கில் இரண்டு மண்ணுக்கு நடுவில் இருக்கும் ஊர். கிழக்கிலும் வடக்கிலும் செம்மண் மேடு. மேற்கே, லங்காட் ஆறு கடலை நோக்கிச் சாயும் பக்கம், தாழ்ந்த சதுப்பு. மேட்டு நிலத்துப் பாதையில் இரும்புச் சத்து ஏறிய கப்பிக்கல் பரப்பியிருக்கும். வெயிலில் சிமெந்துபோல் இறுகும். ஒரு மழை பெய்தால் சவுக்காரம்போல் வழுக்கும். சக்கரத்தில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டினால்தான் வண்டி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வழியில் கிடக்கும் செம்பனை மட்டையின் முள்ளுக்குப் பயந்து, உள் ரப்பர்க் குழாய் இல்லாத டயரில் பால்போன்ற ஒரு திரவத்தை ஊற்றி வைப்பார்கள். துளை விழுந்தால் அது கசிந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். அத்திரவத்தில் பலவற்றுக்கு ரப்பர்ப் பாலே மூலப்பொருள். பால்மரம் சீவிய தகப்பனுக்குப் பிறந்த எனக்கு அந்தப் புட்டியைத் திறக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

மேற்கே போனால் பாதை கான்கரைமேல் ஏறிவிடும். இலைதழை மட்கிச் சேர்ந்து உண்டான மண் அது. மலாயில் 'காம்புட்' என்பார்கள். நீரை வடிக்காமல் அதில் பயிர் நிற்காது. ஆகவே கோடு கிழித்தாற்போல் நேராகக் கான்களை வெட்டி, வெட்டிய மண்ணைக் கரையாகக் குவித்தார்கள். நீர் பால் கலக்காத தேநீரின் நிறத்தில் அசையாமல் கிடக்கும். மிகுதியாக வடித்தால் நிலம் சுருங்கித் தாழும், காய்ந்தால் தீப்பிடிக்கும். எனவே மதகு வைத்து நீர்மட்டத்தைக் காக்க வேண்டும். கரையில் மிதித்துச் சென்றால் ஒருபுறம் கொக்கு, மறுபுறம் செம்பனை வரிசை, இடையிடையே எலிகளைப் பிடிக்க ஆந்தைகளுக்கென்று கம்பத்தில் ஏற்றிய பெட்டி வீடுகள். லாபுஹான் டாகாங் என்ற ஊர்ப்பெயருக்கு வணிகர் நங்கூரமிடும் துறை என்று பொருள் கொள்ளலாம். ஒரு காலத்தில் ஆறே சாலையாக இருந்ததற்கு அந்தப் பெயர் சாட்சி. அதற்கும் முன்னே போனால் ஜெண்டராம் ஹிலிர். ஈயம் தோண்டிய இடத்தில் கற்கால மக்களின் மூன்று கால் மட்கலங்கள் வெளிப்பட்டன. ஈயம் எடுத்து முடித்த பள்ளங்கள் பாயா இண்டாவில் ஏரிகளாகி, இப்போது பறவைகளுக்கு உதவுகின்றன.

இத்தனை பாதைகள் எதற்காக? பால்மரக் காலத்தில் ஒற்றையடிப் பாதை போதும். காண்டாவில் இரண்டு வாளி தொங்கவிட்டு நடந்துவிடலாம். செம்பனை அப்படியன்று. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேர்க்காவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் கெடும். ஆகவே ஒவ்வொரு வெளிக்கும் லாரி போகும் சாலை வேண்டியிருந்தது. இன்றைய மிதிவண்டிக்காரர் 'அருமையான பாதை' என்று பாராட்டுவது, குலை கெடக்கூடாதே என்று ஒரு நிருவாகம் பட்ட கவலையைத்தான்.

அந்தக் கவலையைத் தோளில் சுமந்தவர்கள் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பெராங் பெசார் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 'பெரும் போர்' என்று பொருள். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் படை அதிகாரிகள் 1921இல் அதைத் தொடங்கினார்கள். அங்கே உருவாக்கிய உயர்ரக ரப்பர் வகைகள் 'பி.பி.' என்ற எழுத்தையும் ஓர் எண்ணையும் தாங்கிக் கேரளம்வரை சென்றன. தோட்டத்தின் பெயரின் சுருக்கமே அவ்வெழுத்து. 1995இல் அந்த நிலத்தில் புத்ராஜெயா கட்டும் பணி தொடங்கியது. 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கே மாறியது. பெராங் பெசார், மெடிங்லி, செட்ஜ்லி, கேலவே ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். ரப்பர் ஆராய்ச்சியாளர் வாயில் அந்த இரண்டெழுத்து இன்னும் இருக்கிறது. மரத்துக்குக் கிடைத்த இந்த வாழ்வு மனிதருக்குக் கிடைக்கவில்லை.

சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பில், "உங்கள் தாத்தா எங்கே வாழ்ந்தார்?" என்று கேட்டேன். "தோட்டத்தில்" என்றார்கள். எந்தத் தோட்டம் என்றதற்கு முப்பது பேரில் நான்கு பேருக்குத்தான் விடை தெரிந்தது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். தெரிந்ததே இவ்வளவு சிறிதாக இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

டெங்கிலில் வாழும் முதியவர் ஒருவரிடம் போனேன். நாற்பது ஆண்டு தோட்ட வேலை பார்த்தவர். என் கைத்தொலைபேசியில் ஒரு பயணத்தின் வரைபடத்தையும் படங்களையும் காட்டினேன். நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இந்தச் சைக்கிள் என்ன விலை சார்?"

சொன்னேன். பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"நாங்க இந்தச் செம்மண்ணை விட்டு எப்ப வெளியேறுவோம்னு கெடந்தோம். நீங்க காசு கொடுத்து அதுல போய் விழறீங்க."

எனக்கு விடை இல்லை. பழமையைப் போற்றுகிறேன் என்று கிளம்பும் படித்தவர்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய பேச்சு அது. அந்தச் சடக்கு அவருக்கு அழகன்று. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு ஓடிய வழி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு நடந்த வழி. டஸ்கனிக்காரர் பாதையைக் காத்ததுபோல் நாம் காக்கவும் முடியாது. இவை நிறுவனங்களின் தனிப்பாதைகள். நுழைவாயிலில் காவலாளியிடம் அனுமதி கேட்டுத்தான் போகிறோம். நாளை வீடமைப்புத் திட்டம் வந்தால் வாயில் மூடப்படும். ஒரு வருடத்தில் அங்கே வட்டச்சாலை தோன்றும்.

ஆனால் அந்தப் பெரியவர் படத்தைக் கீழே வைக்கவில்லை. விரலால் தடவி, "இந்த வளைவு முனியாண்டி வளைவு. அந்தாண்ட கிராணி வீட்டு மேடு. இது பாம்புக் கான், ஒருமுறை மலைப்பாம்பு பிடிச்சோம்" என்று தொடங்கினார். இருபத்துமூன்று பெயர் சொன்னார். தோட்ட வரைபடத்தில் இவற்றுக்கெல்லாம் வெறும் எண்கள். மிதிவண்டிக்காரர்களின் செயலியிலோ ஒரு பாதைக்குப் பிரேக் பிடிக்காத இறக்கத்தின் பெயர், இன்னொன்றுக்கு அங்கே துரத்தும் நாயின் பெயர். நாயைக் குறைகூறவில்லை, அதுவும் வரலாறுதான்.

தமிழ்ப்பள்ளிகள் தோட்டங்களின் பெயரைச் சுமந்துகொண்டு நகரங்களில் நிற்கின்றன. புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்தில் இன்று தோட்டம் இல்லை, தேசிய விளையாட்டரங்கம் இருக்கிறது. பெயரையாவது பலகையில் காப்பாற்றினார்கள். வெளிகளின் பெயருக்கும் வளைவுகளின் பெயருக்கும் அந்தப் பலகைகூட இல்லை; எழுபது, எண்பது வயதினரின் நாவில் மட்டுமே இருக்கின்றன.

எனவே எங்கள் சனிக்கிழமைப் பயணத்துக்கு இப்போது ஒரு வேலை உண்டு. மாணவர் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் பெயர்களைக் கேட்டு எழுதி வருகிறார்கள். நாங்கள் அவ்விடங்களுக்குச் சென்று, முனியாண்டி கோயில் மரமோ உடைந்த மதகோ மிச்சம் இருந்தால் படமெடுத்து, செயலியில் அந்தப் பெயரைத் தமிழிலேயே பதிகிறோம். என்னோடு வரும் சீன நண்பர் ஒருவர் 'பாம்புக் கான்' என்பதை மிகத் திருத்தமாகச் சொல்லப் பழகிவிட்டார்.

கான்கரையின் மேற்குப் பக்கத்தில் நான்கு பெயர்கள் எந்த இடத்துக்கு உரியவை என்று முடிவாகவில்லை. அடுத்த சனிக்கிழமை பெரியவரே தம் மகனுடைய காரில் மதகுவரை வந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். முதல்நாள் மழை பெய்தால் வரமாட்டாராம்; அந்தச் சடக்கில் கார் ஏறாது என்கிறார்.