விடுமுறையும் கடலும்

ஓகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் வெள்ளவத்தையிலே ஒரு மாற்றம் தென்படும். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் பயணப் பைகள் நடமாடத் தொடங்கும். "எப்ப ஊருக்கு?" என்பதே அந்நாட்களில் அயலவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் முதற் கேள்வி. கொழும்பிலே பிறந்து, கொழும்பிலே தொழில் பார்த்து, கொழும்பிலேயே பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள்கூட, ஊர் என்னும் சொல்லினால் தாம் குடியிருக்கும் இடத்தைக் குறிப்பதில்லை. அச்சொல் எப்பொழுதும் வடக்கையோ கிழக்கையோ நோக்கியே நிற்கும். நல்லூர்த் திருவிழாவை ஒட்டிப் பாடசாலை விடுமுறையும் வருமாயின் கோட்டைப் புகையிரத நிலையத்தில் ஓர் ஆசனம் கிடைப்பது அரிது.

இந்தப் பயணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1956ஆம் ஆண்டு யாழ்தேவி ஓடத் தொடங்கியது. நடுத்தர வகுப்புத் தமிழ்க் குடும்பங்களின் விடுமுறையையே அந்தப் புகையிரதம் உருவாக்கியது என்று கூறினாலும் மிகையாகாது. மாதச் சம்பளம் பெற்ற எழுதுவினைஞர் ஒருவர், மனைவி மக்களோடு காலையிலே புறப்பட்டுப் பொழுது சாய்வதற்குள் தாய் தந்தையர் வீட்டு முற்றத்தில் நிற்கலாம் என்ற நிலைமை அதனால் ஏற்பட்டது. 1990இல் வடபகுதிப் பாதை அறுந்தது. 2014 ஒக்டோபரிலேயே யாழ்ப்பாணம் வரை மீண்டும் வண்டி ஓடியது. இடைப்பட்ட 24 ஆண்டுகளிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு விடுமுறை என்பது தொடர்மாடியின் மொட்டை மாடிதான். நாமும் அந்தப் பிள்ளைகளுள் ஒருவராக இருந்தவர். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் பாண் வாங்கவும் வெளியே போகாதே என்று வீட்டார் எச்சரித்த காலம் அது. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி அதிகாலையிலே கொழும்பின் தங்குவிடுதிகளிலிருந்து 370க்கு மேற்பட்ட தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஆண்டு எம் தெருவிலிருந்து வடக்கே சென்றவர்கள் யாரும் விடுமுறைக்காகச் செல்லவில்லை.

அக்காலத்தை மொட்டை மாடியிலே கழித்தவர்கள் இன்று பெற்றோராகிவிட்டோம். பாதை திறந்திருக்கின்றது, சோதனைச் சாவடி இல்லை. ஆயினும் எம் பிள்ளைகள் வெளியே போகிறார்களா? ரியூசன் என்னும் புதிய சாவடி ஒன்று முளைத்து நிற்கின்றது. தவணை முடிந்த மறுநாளே "விடுமுறைக்கால விசேட வகுப்பு" என்ற பதாகைகள் மதில்களில் ஏறிவிடுகின்றன. பத்து வயதுக் குழந்தை புலமைப்பரிசில் பரீட்சைக்காக இரண்டு விடுமுறைகளைப் பலி கொடுக்கிறது. 1945இல் இலவசக் கல்வியைச் சட்டமாக்கிய ஒரு நாட்டிலே, பாடசாலை பூட்டப்பட்டிருக்கும் நாட்களிற்றான் கல்விக்கு அதிகம் பணம் செலவாகிறது என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கறிவோம். எம் தொழிலைச் சேர்ந்தவர்களுட் சிலரே அந்தப் பதாகைகளிலும் இருக்கிறார்கள் என்பதையும் அறிவோம். சம்பளம் போதாத ஆசிரியனை மட்டும் நொந்து பயனில்லை.

இம்முறை மூன்று வாரமும் வகுப்பு வேண்டாம் என்று எம் துணைவியாரும் நாமும் தீர்மானித்தோம். எம் பிள்ளைகள் இருவர், கொட்டாஞ்சேனையில் வாழும் துணைவியாரின் தமக்கையின் பிள்ளைகள் மூவர் ஆகிய ஐவரையும் கூட்டிக்கொண்டு செல்வதென்று முடிவாயிற்று. தமக்கையாரை இணங்கச் செய்வது எளிதாக இருக்கவில்லை.

"ரியூசனை விட்டிட்டு எங்கை ஊர் சுத்தப் போறியள்? அவளுக்கு வாற வருசம் சோதினை எல்லே!"

"அக்கா, அவள் இன்னும் கடலிலை கால் நனைக்கேல்லை. அதுவும் ஒரு பாடந்தான்" என்றார் துணைவியார்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை கடலைத் தொட்டதில்லை என்றால் நம்புவதற்குக் கடினமாக இருக்கலாம். 1875ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவரோடு கொழும்புத் துறைமுகம் வளரத் தொடங்கியது. துறைமுகம் வளர வளர, அதன் அயலிலே வாழ்ந்த மக்களுக்குக் கடல் மறைந்துகொண்டே போயிற்று. மேட்டிலே நின்று பார்த்தால் பாரந்தூக்கிகள் தெரியும், கொள்கலன்கள் தெரியும். கடலின் இரைச்சலுக்குப் பதிலாகப் பாரவண்டிகளின் இரைச்சல் கேட்கும். வெள்ளவத்தையிலோ கடல் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் எமக்கும் அதற்கும் இடையிலே தண்டவாளம் ஓடுகிறது. அதைத் தாண்டினாலும் கற்குவியல். மேலும், ஓகஸ்ட் மாதத்திலே தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைச் சீறவைத்திருக்கும். விடுமுறை கிடைக்கும் மாதத்திற்றான் கொழும்புக் கடல் குளிப்பதற்கு ஆகாது!

மூன்றாம் வகுப்பிலே பயணஞ் செய்தோம். அநுராதபுரம் கழிந்து, மதவாச்சி கழிந்து, வவுனியாவுக்கு அப்பால் வண்டி செல்லும்போது பிள்ளைகள் யன்னலை விட்டு அகலவில்லை. ஆனையிறவில் நீர்ப்பரப்பு இருபுறமும் விரிந்தபோது ஐவரும் கூவினார்கள். தலையற்று நின்ற பனைகளைக் கண்டு சின்னவன் காரணம் கேட்டான். ஷெல் விழுந்தது என்றோம். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. எதிரே அமர்ந்திருந்த சிங்கள மூதாட்டி ஒருவர், நயினாதீவு விகாரைக்கு வழிபாட்டுக்காகச் செல்பவர், தம் பையிலிருந்த வாழைப்பழச் சீப்பைப் பிள்ளைகளிடம் நீட்டினார். அவர்களுக்குள் பொதுமொழி எதுவும் இருக்கவில்லை. சீப்பு மாங்குளத்துக்கு முன்னரே முடிந்துவிட்டது.

பிள்ளைகள் இன்றும் பேசுவது நெடுந்தீவுப் பயணத்தைப் பற்றியே. குறிகட்டுவான் இறங்குதுறையிலே படகேறினோம். சோழகக் காற்று பலமாக வீசியது. துறையை விட்டுப் படகு விலகியதும் அலை பக்கவாட்டிலே மோதி எல்லோரையும் நனைத்தது. கொட்டாஞ்சேனைப் பெண் முதலில் கண்களை இறுக மூடிக்கொண்டாள். பின்னர் ஒரு கண்ணைத் திறந்தாள். பாதி வழியிலே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அலையையும் எண்ணத் தொடங்கினாள். கடலோடு அவளுக்கு ஏற்பட்ட முதல் அறிமுகம் இவ்வாறு உப்பு நீரை விழுங்கியே நிகழ்ந்தது.

அத்தீவிலே மண்ணோ சுண்ணாம்போ இன்றிப் பவளக் கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். ஒரு கல்லை உருவினால் வேலி முழுவதும் சரியுமா என்று மூத்தவன் ஆராய முற்பட்டான். வீட்டுக்காரர் அதட்டியதோடு அந்த ஆராய்ச்சி முடிவுற்றது. பருத்து நிற்கும் பெருக்கமரத்தின் பொந்துக்குள் ஐவரும் புகுந்தார்கள். வெட்டவெளியிலே கட்டாக்காலிக் குதிரைகள் மேய்ந்தன. ஒல்லாந்தர் முதலிய ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை என்பர். கோடையிலே குடிநீரின்றி அவற்றுட் பல மடிவதுண்டு.

குதிரைகளுக்கு மட்டுமா நீர் இல்லை? கலன்களோடு தண்ணீருக்குக் காத்து நின்ற பெண்களையும் நாம் கண்டோம். திரும்பி வரும் படகிலே, காய்ச்சலால் வாடிய குழந்தையை மடியிற் கிடத்திக்கொண்டு ஒரு தாய் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குப் புறப்பட்டிருந்தார். எம் பிள்ளைகள் சாகசம் என்று ஆர்ப்பரித்த அதே அலைகளிலே அவர் குழந்தையின் தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அசையாதிருந்தார். எமக்கு விளையாட்டாக இருந்த வழி, அவருக்கு வேறு வழியில்லாத வழி. 1985ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி இந்தக் கடலிற்றான் குமுதினிப் படகிலே சென்ற பொதுமக்கள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டுமா என்று துணைவியாரும் நாமும் தயங்கினோம். நினைவுச் சின்னத்தின் எழுத்துக்களை மூத்தவனே வாசித்துவிட்டான். அன்று மாலை அலைகளை எண்ணுவார் இல்லை.

கீரிமலையிலே மீண்டும் கூச்சல் பிறந்தது. கடலுக்குக் கையெட்டும் தூரத்திலே நன்னீர்க் கேணி இருப்பதை அவர்கள் நம்பவில்லை. இரண்டையும் மாறி மாறிச் சுவைத்துப் பார்த்தார்கள். குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர் நிலத்தடி வழிகளால் ஓடிக் கரையோரத்திலே ஊற்றாக வெளிப்படுவதை ஒரு குச்சியால் மணலிலே வரைந்து காட்டினோம். புவியியற் பாடநூலின் ஒரு பக்கம் முழுவதும் ஐந்து நிமிடத்திலே முடிந்தது. அதே சுண்ணக்கல்லை அகழ்ந்துதான் 1950 முதல் காங்கேசன்துறையிலே சீமெந்து செய்தார்கள். போரோடு ஆலை நின்றது. சுற்றியிருந்த கிராமங்களின் மக்களும் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே பகுதி பகுதியாகத் தம் நிலத்தை மிதித்தார்கள். ஊருக்குப் போவது என்ற சொல் அவர்கள் வாயிலே வேறு பொருள் தருவது.

இனி, எம்மோடு வராத ஒருவனைப் பற்றிக் கூறவேண்டும். எம்மிடம் கற்ற மாணவன். மலையகத்திலே தோட்டத் தொழிலாளரின் மகன். கொட்டாஞ்சேனையிலே உறவினர் வீட்டில் தங்கிப் படித்தவன். இப்பொழுது புடைவைக் கடை ஒன்றிலே இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறான். சித்திரை மாதத்திலே கொழும்பிலுள்ள வசதி படைத்தோர் குளிர் தேடி நுவரெலியாவுக்கு ஏறும்போது, அங்கே பெற்றோரைக் கொண்ட அவனுக்குப் பண்டிகைக்கால வியாபாரம். கடையை விட்டு அசைய முடியாது. புறப்படுவதற்கு முன்னர் அவனையும் அழைத்தோம்.

"லீவு கேட்டா திரும்ப வர வேணாம்னு சொல்லிருவாங்க சேர்" என்றான் சிரித்துக்கொண்டே.

அவன் சலுகை கேட்கவேண்டிய அவசியமே இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, ஓராண்டு முழுமையாக வேலை செய்தவனுக்கு அடுத்த ஆண்டிலே சம்பளத்துடன் 14 நாள் விடுமுறை உண்டு. உலக அரங்கிலே இவ்வுரிமை தானாகக் கனிந்து விழவில்லை. 1936ஆம் ஆண்டிலே பிரான்சின் தொழிலாளர் ஆலைகளைக் கைப்பற்றி அமர்ந்து வேலைநிறுத்தம் செய்த பின்னரே, மக்கள் முன்னணி அரசு இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கியது. அந்தக் கோடையிலே புகையிரதக் கட்டணம் நூற்றுக்கு 40 வீதம் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் முதன்முதலாகக் கடலைக் கண்டனர். 1948இன் மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரையிலும் சம்பளத்துடனான விடுமுறை இடம்பெற்றிருக்கிறது.

பாரிஸ் வரை போவானேன்? வெள்ளவத்தை நூற்பு நெசவாலையிலே 1933இல் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குத் துணை நின்ற கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்களே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினார்கள். ஆலை நின்ற நிலத்திலே இன்று ஹவ்லொக் சிற்றி மாடிகள் வானளாவி நிற்கின்றன. அவற்றின் உயர்மாடிகளிலிருந்து கடல் நன்றாகத் தெரியும் என்கிறார்கள்.

திரும்பி வந்த பின்னர், சட்டத்தின் தமிழ்ப் பிரதியை அவனுக்குக் கொடுத்தோம். தனித்துக் கேட்டால் அவன் சொன்னதே நடக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அவனும் அதை அறிந்திருந்தான். மூன்று நாள் கழித்து வந்தபோது அந்தப் பிரதி கசங்கி, தேநீர்க் கறை படிந்திருந்தது. கடையிலுள்ள ஒன்பது பேரும் வாசித்துவிட்டார்களாம். சிங்களத்திலும் ஒன்று வேண்டும் என்றான், அவர்களுள் நால்வருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால். அதையும் தேடிக் கொடுத்தோம். ஒன்பது பேரும் கையொப்பமிட்டு, முறை வைத்து விடுமுறை தருமாறு முதலாளிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பாடசாலை தொடங்கி இரண்டு வாரமாகிறது. கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒருவரும் வேலையிலிருந்து நிறுத்தப்படவும் இல்லை.