கிருஷ்ணகிரிக் கோட்டை மலை

ஒசூரின் தொழிற்சாலைகளைப் பின்னே விட்டுச் சென்னை நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால், கிருஷ்ணகிரிப் பழையபேட்டைக்கு மேலே கோட்டை மலை எழுந்து நிற்பதைக் காணலாம். உச்சியில் தர்கா அமைந்திருப்பதால் சையத் பாஷா மலை என்றும் அதனை அழைப்பர்.

மலையேற்றத்திற்குத் துணிவு மட்டும் போதாது. திட்டமும் வேண்டும் என்பதற்கு இம்மலையே சான்று. 1791 நவம்பர் 7 இரவு, கர்னல் மேக்ஸ்வெல் தலைமையிலான ஆங்கிலப் படை கீழ்க்கோட்டையைக் கைப்பற்றியது. தப்பியோடியவர்களைத் துரத்தி மேற்கோட்டைக்குள்ளும் நுழைந்துவிட முயன்றது. ஆனால் திப்பு சுல்தானின் வீரர்கள் வாயிலை அடைத்துவிட்டனர். ஏணி சாத்தி ஏற முயன்றோர்மீது பெரும் பாறைகளை உருட்டிவிட்டனர். ஆங்கிலேயர் பின்வாங்க நேர்ந்தது. 1792 உடன்படிக்கையின் வாயிலாகவே கோட்டை அவர்கள் வசமாயிற்று.

பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைத்தொடரில் 5,947 மீட்டர் உயரமுள்ள அல்பமாயோ சிகரத்தில் ஏறுவோர், பனிக்கோடரியுடன் இருள் விலகுமுன்பே புறப்படுவர். வெயில் ஏறினால் பனிக்கட்டி இளகும். ஊன்றிய ஆணியும் பிடிப்பிழக்கும். இங்குப் பனியில்லை எனினும், கருங்கல் வெயிலில் கொதிக்கும், மழையில் வழுக்கும்.

ஆகவே, குடும்பத்துடன் செல்வோர் ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் புறப்படுவது நலம். ஆளுக்கொரு குப்பி தண்ணீர் வேண்டும். இறங்கும் நேரத்தை ஏறுமுன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். முதியோர் களைத்தால், பாதி வழியில் திரும்புவது தோல்வியன்று. அங்கிருந்தே ஊரின் கூரைகளையும் மாந்தோப்புகளையும் கண்குளிரக் காணலாம்.