பத்து ஏன் ஒன்பதாயிற்று?

திரையை இயக்கும் டிரைவரில் ஒரே ஓர் எண்ணை மாற்றியதற்கு ஒரு பக்க அளவுக்குக் காரணம் கேட்பது மூத்தவர்களின் வீண் பிடிவாதம் என்று, நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் தறுவாயில், எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர் பலர் முன்னிலையில் சொன்னார். மாறிய வரிகளின் எண்ணிக்கையைக் கொண்டே உழைப்பை அளந்து பழகிய நிர்வாகிகளும் அதை ஆமோதித்தார்கள். க்ளாக் டிவைடரில் ஓர் எண் மாறுவது எத்தகைய காரியம் என்பதை அறிந்தவர் எவரும் அவ்வாறு பேசத் துணியமாட்டார் ஆகையால், அதைக் குறித்துச் சற்று விஸ்தாரமாகவே எழுத விரும்புகிறேன்.

திரைகளுக்கு மூல க்ளாக்கைத் தரும் வீடியோ பி.எல்.எல். 594 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று கொள்வோம். நான்கால் வகுத்தால் 1080பி திரைக்கு உரிய 148.5 மெகாஹெர்ட்ஸும், எட்டால் வகுத்தால் 720பி திரைக்கு உரிய 74.25 மெகாஹெர்ட்ஸும் மிச்சமின்றிக் கிடைப்பதனாலேயே அந்த எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு. அதே பி.எல்.எல்.லிலிருந்து 1024×768 பேனல் ஒன்றுக்கு 65 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்று கேட்கும்போதுதான் சங்கடம் பிறக்கிறது. பத்தால் வகுத்தால் 59.4, ஒன்பதால் வகுத்தால் 66. முன்னதில் திரை விநாடிக்கு அறுபது முறைக்குப் பதில் 54.8 முறையே புதுப்பிக்கப்படுகிறது, பின்னதில் 60.9 முறை. பி.எல்.எல்.லையே 520க்கு இறக்கி எட்டால் வகுத்தால் 65 துல்லியமாக வருமே என்பார்கள். வரும், ஆனால் அதே மூலத்தை நம்பியிருக்கும் எச்.டி.எம்.ஐ. திரைக்கு 148.5 கிடைக்காமல் அது இருண்டுபோகும்.

இந்நிலையில், டிவைடரைப் பத்திலிருந்து ஒன்பதாக்கினேன், ஃப்ளிக்கர் நின்றுவிட்டது என்று இரண்டு வரி எழுதி ஒரு பேட்ச் வந்து சேர்கிறது. பேனலின் டேட்டாஷீட் 66 மெகாஹெர்ட்ஸை அனுமதிக்கிறதா, ஒற்றைப்படை எண்ணால் வகுக்கும்போது க்ளாக்கின் உயர்நிலையும் தாழ்நிலையும் சமமாக இராமற்போகலாமே, க்ளாக் நிலை மாறும் விளிம்பில் பிக்சலைப் பற்றும் பேனலுக்குப் போதிய அவகாசம் மிஞ்சுகிறதா, வேகமாகக் கேட்கும் திரைக்கு ஈடுகொடுத்து நினைவகத்திலிருந்து ஃபிஃபோ நிரம்புகிறதா என்ற கேள்விகளில் ஒன்றுக்கேனும் அந்த இரண்டு வரிகளில் பதில் இராது.

இக்கேள்விகளை எனக்குக் கற்பித்தவர், என் முதல் வேலையில் ரிவ்யூ செய்துவந்த மூத்த பொறியாளர். அவர் நிரலை முதலில் படிக்கமாட்டார். கமிட் மெசேஜைப் படித்து, அதில் கூறிய நியாயம் மனத்துக்கு ஒத்துவந்த பிறகே நிரலின் பக்கம் திரும்புவார். "தம்பி, பத்து ஏன் ஒன்பதாயிற்று? ஒன்பது வேலை செய்கிறது என்பது எனக்குப் பதில் ஆகாது, பத்து ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்" என்பார். கர்னலின் க்ளாக் சம்மரியில் தோன்றும் எண்ணைக் காட்டி 66 கிடைக்கிறது என்று நாங்கள் சாதிக்க முயன்றால், அந்த எண் கர்னல் தானாகக் கணக்கிட்டுக்கொண்டதேயன்றி அளந்து கண்டதன்று, ரிஜிஸ்டரில் எழுதும் மதிப்பு வகுக்கும் எண்ணைவிட ஒன்று குறைவா இரண்டு குறைவா என்பதை டிரைவர் தவறாக எண்ணியிருந்தால் சம்மரியும் அதே தவற்றைத்தான் ஒப்பிக்கும் என்று சொல்லி, ஆஸிலாஸ்கோப்பின் புரோபை எங்கள் கையில் திணிப்பார். அளந்த எண்ணும் கணக்கிட்ட எண்ணும் அருகருகே இல்லாத எந்தப் பேட்சும் அவர் மேஜையைத் தாண்டியதில்லை. அவரைக் கடுமையானவர் என்று பலர் சொன்னார்கள். அவர் கையொப்பம் பெற்ற நிரலை மறுபடி பிரித்துப் பார்க்க நேர்ந்தவர்கள் அவ்வாறு சொன்னதில்லை.

கேட்ட வேகம் சரியாகக் கிடைக்காதபோது மேலே போவதா கீழே வருவதா என்பதுதான் இத்தொழிலின் தீராத வழக்கு. லினக்ஸ் கர்னலிலுள்ள அட்மெல் எச்.எல்.சி.டி.சி. டிரைவர் தாழ்ந்த வேகத்தையே விரும்புகிறது. உயர்ந்த வேகம் பத்து மடங்குக்கு மேல் நெருங்கியிருந்தாலன்றி அதை ஏற்பதில்லை. அந்த விதிப்படி பார்த்தால், நம் உதாரணத்தில் 66 ஒரு மெகாஹெர்ட்ஸ் தள்ளியும் 59.4 ஐந்தரைக்கு மேல் தள்ளியும் நின்றபோதிலும் 59.4தான் தேர்வாகும். ராஸ்பெரி பையின் டி.எஸ்.ஐ. டிரைவரோ மேலான வேகத்தை எடுத்துக்கொண்டு, வரியின் முடிவிலுள்ள ஃப்ரன்ட் போர்ச்சை நீட்டி, புதுப்பிக்கும் விகிதத்தைப் பழையபடி நிலைநிறுத்துகிறது. இந்த இரண்டாம் உபாயத்தை நம் பேனலுக்குப் பிரயோகித்தால், திரையில் தோன்றாத இடைவெளியும் சேர்த்து 1344 பிக்சல் நீளமுள்ள வரியை 1365 ஆக்கினால் போதும், 66 மெகாஹெர்ட்ஸிலேயே விநாடிக்கு அறுபது என்ற கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும். அந்த நீளத்தைப் பேனல் ஏற்குமா என்பதை மட்டும் டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு டிரைவர்களும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. எந்தத் திசையில் போகிறோம் என்பதை இரண்டுமே நிரலுக்குள் குறிப்பாக எழுதிவைத்திருக்கின்றன என்பதனால் இரண்டையும் நான் மதிக்கிறேன்.

இக்காலத்தில் இவ்வளவு சிரத்தை எவருக்கும் அவசியமாகத் தோன்றுவதில்லை. 2012-இல் லினக்ஸ் கர்னலில் பொதுவான க்ளாக் அமைப்பு வந்து சேர்ந்தபின், வகுப்பதும் தேர்வதும் தாமே நடக்கும் என்ற மயக்கம் பரவிவிட்டது. மிக நெருங்கிய வேகத்தைத் தேர்ந்தெடு என்று டிவைடருக்கு ஆணையிடும் ஃப்ளாக் ஒன்று இருக்கிறது. தம் மேஜைமேல் உள்ள ஒரே பேனல் ஒளிர்ந்துவிட்டால், அந்த ஃப்ளாக்கைச் சேர்த்து, பரிசோதித்தாயிற்று என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அதே சில்லில் வேறொரு பேனலைப் பொருத்தி நெடுங்காலமாக ஒழுங்காக இயக்கிவந்த ஒருவருக்கு, கர்னலின் அடுத்த பதிப்பில் திரை நடுங்கத் தொடங்குகிறது. அவர் கிட் பைசெக்ட் செய்து, பாதி பாதியாகக் கழித்து, கடைசியில் இந்த ஒற்றை வரியை வந்தடையும்போது, எழுதியவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். மின்னஞ்சல் முகவரியும் செத்துப்போயிருக்கும். தேடி வந்தவரோடு பேசுவதற்கு எஞ்சியிருப்பது கமிட் மெசேஜ் ஒன்றே. அதில் ஃப்ளிக்கர் சரியாயிற்று என்று மட்டும் இருந்தால், மாற்றத்தைத் திரும்பப் பெறுவதா வைத்திருப்பதா என்பதைக்கூட அவரால் நிர்ணயிக்க இயலாது.

அந்த ஃப்ளாக்கைச் சேர்க்க முனைந்தவர்கள், அதே டிவைடரின்கீழ் இயங்கும் மற்ற பலகைகளையெல்லாம் சோர்ஸ் மரத்தில் தேடியெடுத்து, ஒவ்வொன்றும் கேட்கும் வேகத்தையும் முன்பு பெற்ற வேகத்தையும் இனிப் பெறப்போகும் வேகத்தையும் மெசேஜில் எழுதித் தரும்வரை நான் ஒப்புதல் அளித்ததில்லை. இப்போது அந்த ரிவ்யூவைப் பார்ப்பவர்களும் அளிக்கலாகாது என்று வேண்டிக்கொள்கிறேன்.